கதவருகே உட்கார்ந்திருந்தவள்

அந்தப் படத்தை என் மாணவிகளுக்குக் காட்டும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: இதில் வெடிவிபத்தைத் தடுத்துக்கொண்டிருப்பது யார்?

1842-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, சுரங்கங்களில் வேலை செய்யும் குழந்தைகள் பற்றிய விசாரணை அறிக்கையில் உள்ள மரச்செதுக்குப் படம் அது. தாழ்வான நிலக்கரிச் சுரங்கப் பாதை. ஒருவர் குனிந்து கரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். ஓரத்தில் ஒரு குழந்தை கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கிறது. அதன் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை ஒரு மரக்கதவில். மாணவிகள் வண்டி தள்ளுபவரைக் காட்டுவார்கள். சிலர் படத்திலேயே இல்லாத பொறியாளரைச் சொல்வார்கள். குழந்தையை யாரும் சொன்னதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. முதல்முறை பார்த்தபோது நானும் அந்தக் குழந்தையைக் கவனிக்கவில்லை.

நிலக்கரிப் படுகையில் மீத்தேன் அடைபட்டுக் கிடக்கிறது. கரியை வெட்ட வெட்ட அது கசிந்து வெளியே வரும். காற்றைவிட லேசானது என்பதால் சுரங்கத்தின் கூரையை ஒட்டித் தங்கும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் சுமார் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும். இதற்கு அன்றும் இன்றும் முதல் மருந்து காற்றோட்டம்தான். அந்தக் காலத்தில் ஒரு குழியின் அடியில் பெரிய அடுப்பை எரிப்பார்கள். சூடான காற்று அந்தக் குழி வழியாக மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப இன்னொரு குழி வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். வந்த காற்று குறுக்குவழியில் ஓடிவிடாமல் எல்லாப் பாதைகளையும் சுற்றி, ஆட்கள் வெட்டும் இடத்தைத் தொட்டு, வாயுவை அள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும். அதற்காகத்தான் இடையிடையே கதவுகள். வண்டி வரும்போது கதவைத் திறக்க வேண்டும். போனதும் உடனே மூட வேண்டும். ஒரு கதவு திறந்தே கிடந்தால் காற்று வழிமாறிப் போகும். அதற்கு அப்பால் இருப்பவர்களுக்குக் காற்று போகாது, மீத்தேன் சேரும்.

அந்தக் கதவைக் காத்தவர்கள் குழந்தைகள். ஐந்து, ஆறு, எட்டு வயது. ஆண்பிள்ளைகளும் உண்டு, பெண்பிள்ளைகளும் உண்டு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். பெரும்பாலும் விளக்கில்லாமல்.

அவர்களில் ஒருத்தியின் பெயர் நமக்குத் தெரியும். சாரா கூடர், வயது 8, யார்க்‌ஷயரின் காபர் சுரங்கம். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அவள் சொன்னது அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. வேலை தன்னைக் களைப்பாக்குவதில்லை என்றாள். ஆனால் வெளிச்சமில்லாமல் இருப்பது பயமாக இருக்கிறது என்றாள். விடிவதற்கு முன்பே நான்கு மணிக்கு, சில நாள் அதற்கும் முன்னால், உள்ளே போய்விடுவாள். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வெளியே வருவாள். வெளிச்சம் இருந்தால் சில சமயம் பாடுவாளாம். இருட்டில் பாடத் துணிச்சல் வராதாம்.

அவளுடைய வேலை என்ன என்று ஒரு பொறியாளரைக் கேட்டிருந்தால் காற்றோட்டக் கட்டுப்பாடு என்று சொல்லியிருப்பார். ஒரு சுரங்கத்தில் இருந்த அத்தனை பேர் உயிரும் அந்தக் கயிற்றின் முனையில் இருந்தது. அறிக்கையை எழுதியவர்களும் இதைக் கவனித்துக் குறித்திருக்கிறார்கள். ஆனால் வெடிவிபத்துப் பாதுகாப்பின் வரலாறு என்று நாம் படிப்பதில் சாராவுக்கு இடமில்லை.

நாம் படிக்கும் வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. 1812 மே 25 அன்று வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கம் வெடித்து 92 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்கள் பலர். அதற்குப் பின் எழுந்த கவலையில்தான் ஹம்ப்ரி டேவியை அணுகினார்கள். 1815-இல் அவர் பாதுகாப்பு விளக்கைச் செய்தார். அதே காலத்தில் மருத்துவர் கிளானியும், பின்னாளில் ரயில் இன்ஜினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்சனும் தங்கள் விளக்குகளோடு வந்தார்கள். டேவியின் உத்தி எளிமையானது. சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. வாயு வலைக்குள் புகுந்து எரிந்தாலும் கம்பி வெப்பத்தை இழுத்துப் பரப்பிவிடுவதால் தீ வலையைத் தாண்டி வெளியே வராது. வாயு இருந்தால் சுடரின் மேல் நீலநிறத் தொப்பி தெரியும் என்பதால் அதுவே எச்சரிக்கைக் கருவியாகவும் ஆயிற்று.

நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் விளக்கு வந்த பின் விபத்துகள் நின்றுவிடவில்லை. அபாயம் என்று கைவிட்டிருந்த வாயு மிகுந்த பகுதிகளுக்கும், 'இப்போதுதான் விளக்கு இருக்கிறதே' என்று ஆட்களை அனுப்பினார்கள். வலை கிழிந்தாலோ துருப்பிடித்தாலோ, காற்று வேகமாக அடித்தாலோ விளக்கே தீ வைக்கும். ஒரு பாதுகாப்புக் கருவி கிடைத்ததும் அதைக்கொண்டு அபாயத்தைக் குறைப்பதா, கூடுதல் கரி எடுப்பதா என்று முடிவு செய்தவர்கள் உள்ளே இறங்காதவர்கள்.

இப்போது 1842-க்கு வருவோம். அறிக்கை மே மாதம் வெளியானது. லண்டனின் கனவான்களையும் சீமாட்டிகளையும் உலுக்கியது என்ன? பெண்கள் இடுப்பில் வாரைக் கட்டி, கால்களுக்கிடையே சங்கிலியை விட்டு, நான்கு காலில் தவழ்ந்து வண்டி இழுத்தார்கள். ஸ்காட்லாந்தில் கரிக்கூடையை முதுகில் சுமந்து ஏணிப்படிகளில் ஏறினார்கள். கர்ப்பிணிகளும் இழுத்தார்கள். இவை எல்லாம் அறிக்கையில் இருந்தன. ஆனால் செய்தித்தாள்களிலும் அவையிலும் அதிகம் பேசப்பட்டது வேறு: வெக்கையில் பெண்கள் மேலாடை இல்லாமல் வேலை செய்தார்கள், காற்சட்டை அணிந்தார்கள், ஆண்களோடு ஒன்றாக இருட்டில் இருந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் எப்படி நல்ல மனைவியாக, தாயாக இருக்க முடியும் என்று கேட்டார்கள். ஆஷ்லி பிரபு கொண்டுவந்த சட்டம் ஆகஸ்ட் 10 அன்று ஒப்புதல் பெற்றது. பெண்கள் எந்த வயதினரும், பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது.

மே முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம். சட்டம் இவ்வளவு வேகமாக நகர முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டம் சாராவைப் போன்ற குழந்தைகளை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் வேலை இழந்த பெண்களுக்கு மாற்று வேலை தரவில்லை, இழப்பீடும் தரவில்லை. சில இடங்களில் பெண்கள் ஆண் உடை அணிந்து திருட்டுத்தனமாக உள்ளே போனார்கள். பசி அப்படி. இன்னொன்றையும் அந்தச் சட்டம் செய்யவில்லை: சுரங்கத்தைப் பாதுகாப்பாக்கவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே ஒரு ஆய்வாளரை நியமித்தார்கள். நிலத்தடியில் இறங்கிப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் 1850-இல்தான் வந்தார்கள்.

1844 செப்டம்பரில் ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தார்கள். விசாரிக்கப் போனவர்களில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் நிலவியலாளர் சார்லஸ் லயலும் இருந்தார்கள். மீத்தேன் மட்டும் குற்றவாளி இல்லை, நிலக்கரித் தூளுக்கும் இதில் பங்குண்டு என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். சிறிய வாயு வெடிப்பு ஒன்று தரையிலும் சுவரிலும் படிந்த தூளைக் கிளப்பும். கிளம்பிய தூள் தீப்பிடிக்கும். அந்தத் தீ அடுத்த பாதையின் தூளைக் கிளப்பும். இப்படிச் சங்கிலியாகச் சுரங்கம் முழுவதும் ஓடும். சுரங்க முதலாளிகளும் பல வல்லுநர்களும் இதை நெடுங்காலம் ஏற்கவில்லை. 1866 டிசம்பரில் ஓக்ஸ் சுரங்கத்தில் 361 பேர். மீட்கப் போனவர்களும் அதில் அடக்கம். 1906 மார்ச் 10 அன்று வட பிரான்சின் கூரியேரில் 1,099 பேர். அங்கே தூளின் பங்கை யாராலும் மறுக்க முடியாமல் போயிற்று.

மருந்து என்ன? சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கிப் பாதைகளில் தூவுவது. எரியாத அந்தக் கல்தூள் கரித்தூளோடு கலந்து, வெப்பத்தை உறிஞ்சி, தீ பரவுவதைத் தடுக்கும். யார்க்‌ஷயரின் ஆல்டாஃப்ட்ஸ் சுரங்கத்தில் 1886-இல் நடந்த விபத்தில், கல்தூள் படிந்திருந்த இடத்தில் வெடிப்பு அடங்கிப்போனதைக் கவனித்தவர் வில்லியம் கார்ஃபோர்த். 1908-இல் அவர் பெரிய குழாய் அமைத்துச் சோதித்துக் காட்டினார். இன்னொரு பக்கம், ஜான் ஸ்காட் ஹால்டேன் 1896-இல் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, பெரும்பாலோரைக் கொன்றது தீயோ அதிர்ச்சியோ அல்ல, வெடிப்புக்குப் பின் நிறையும் கார்பன் மோனாக்சைடு என்று காட்டினார். மீட்புக் குழுக்கள் கூண்டில் கேனரிக் குருவியைக் கொண்டுபோகும் வழக்கம் அவர் தந்த யோசனை.

ஆக, காற்றைச் சுற்றவிடு, பொறியைத் தடு, தூளைக் கட்டுப்படுத்து, நச்சுவாயுவிலிருந்து ஆட்களை மீட்டெடு. நிலத்தடியில் வெடிப்பிலிருந்து மனிதர்களைக் காக்கும் வழிகள் இவை. 1908-இல் எல்லாமே தெரிந்திருந்தன. 1913 அக்டோபரில் வேல்ஸின் செங்ஹெனித் சுரங்கம் வெடித்தது. 1901-இலேயே ஒருமுறை வெடித்து 81 பேரைக் கொன்ற அதே சுரங்கம். இம்முறை உள்ளே இருந்தவர்களில் 439 பேரும், மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம். பிரிட்டனில் கல்தூள் தூவுவது கட்டாயமானது முதல் உலகப் போருக்குப் பிறகு. ஃபாரடே சொல்லி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பெண்களை வெளியேற்ற மூன்று மாதம். தூளைக் கட்டுப்படுத்த எழுபது ஆண்டு. இரண்டையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால் எழுதுகிறோம்.

இந்தியாவுக்கு வரும்போது கதை இன்னும் சிக்கலாகிறது. ஜரியா, ராணிகஞ்ச் வயல்களில் நிலக்கரி எடுத்தது பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக. சந்தாலிகள், பௌரிகள் போன்ற ஆதிவாசி, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். ஆண் கரியை வெட்டுவான், அவன் மால்காட்டா. பெண் அதைக் கூடையில் அள்ளிச் சுமந்து வண்டியில் நிரப்புவாள், அவள் காமின். 1920-களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். கூலி ஜோடியாகத்தான் வரும். அவள் இல்லாவிட்டால் அவனுடைய கூலியும் குறையும். கைக்குழந்தையோடு இறங்கிய தாய்மாரும் உண்டு. இங்கே முதலாளிகள் பெண்களை வெளியேற்ற விரும்பவில்லை. மனைவி வராவிட்டால் கணவன் வரமாட்டான் என்றார்கள். பெண் உழைப்பு மலிவு என்பதை மட்டும் சொல்லவில்லை.

1929-இல் விதிகள் வந்தன. நிலத்தடியில் பெண்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் குறைத்து 1939-க்குள் இல்லாமலாக்க வேண்டும். பிரிட்டனில் மூன்று மாதம் என்றால் இங்கே பத்து ஆண்டுத் தவணை; முதலாளிகளின் வசதிக்காக. 1935-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பெண்களின் நிலத்தடி வேலையைத் தடைசெய்யும் 45-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. தவணை சுருக்கப்பட்டு, 1937 அக்டோபரில் தடை முழுமையாயிற்று.

இந்தத் தேதிகளுக்கு நடுவில் இன்னொரு தேதி இருக்கிறது. 1936 டிசம்பர் 18. ராணிகஞ்ச் வயலின் போயிடி சுரங்கம் வெடித்து 209 பேர் இறந்தார்கள். நான் இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன். போயிடியால் தடை வந்தது என்று சொல்லவில்லை. தடைக்கான வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நான் கவனிப்பது வேறு. தடை முடிந்தபோது குடும்ப வருமானம் குறைந்தது. பெண்கள் மேலே, குறைந்த கூலி வேலைகளுக்குப் போனார்கள். பலருக்கு அதுவும் இல்லை. கீழே மீத்தேன் அப்படியே இருந்தது.

பிறகு போர் வந்தது. ராணுவக் கட்டுமான வேலைகளில் நல்ல கூலி கிடைத்ததால் சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே போனார்கள். நிலக்கரித் தட்டுப்பாடு. 1943 ஆகஸ்டில் அரசு தடையை நீக்கிப் பெண்களை மறுபடியும் உள்ளே அனுப்பியது. ஒழுக்கம், தாய்மை, பலவீனமான உடல் என்று சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் கரி தேவைப்பட்டதும் மறைந்துவிட்டன. அகில இந்தியப் பெண்கள் மாநாடு இதை எதிர்த்தது. 1944 பிப்ரவரியில் மத்தியச் சட்டமன்றத்தில் விவாதம் நடந்தபோது ரேணுகா ரே எதிர்த்துப் பேசினார். அரசின் தரப்பில் பதில் சொல்ல எழுந்தவர் தொழிலாளர் துறை உறுப்பினரான அம்பேத்கர். இது போர்க்கால நெருக்கடியின் தற்காலிக ஏற்பாடு என்றார். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை ஆண் பெண் வேறுபாடில்லாமல் இங்கேதான் முதல்முறை நிலைநாட்டப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார்.

இந்த விவாதத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நான் யார் பக்கம் என்று எனக்கே தெளிவாக இருப்பதில்லை. ரேணுகா ரே சொன்னதில் நியாயம் இருக்கிறது: அரசுக்கு வேண்டியபோது அனுப்பி, வேண்டாதபோது துரத்துவதற்குப் பெண்கள் பொருளல்லர். அம்பேத்கர் சொன்ன சம ஊதியம் சின்ன விஷயமல்ல. காமின்களின் குடும்பங்களுக்கு அது சோறு. ஆனால் அந்த அவையில் ஒரு காமினும் இல்லை. கீழே எது பயமாக இருக்கிறது, எது தாங்கக்கூடியதாக இருக்கிறது என்று 1842-இல் எட்டு வயதுச் சிறுமியிடம் கேட்ட அளவுக்குக்கூட அவர்களிடம் யாரும் கேட்டு அந்த அவையில் வைக்கவில்லை. 1946 பிப்ரவரியில் தடை திரும்பியது. 1952-இன் சுரங்கச் சட்டம் 46-ஆவது பிரிவில் அதை உறுதிசெய்தது.

"அப்படின்னா தடை தப்புன்னு சொல்றீங்களா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நெய்வேலிப் பக்கத்துப் பெண். "எங்க அம்மாவ நான் அந்தக் குழிக்குள்ள அனுப்ப மாட்டேன்."

நானும் அனுப்ப மாட்டேன் என்றேன். "உங்கப்பாவ அனுப்புவியா?"

அவள் பதில் சொல்லவில்லை. வகுப்பில் வேறு யாரும் சொல்லவில்லை.

1958 பிப்ரவரி 19, சினாகுரி: வாயு வெடித்து 176 பேர். 1965 மே 28, தோரி: கரித்தூள் வெடித்து 268 பேர். 1973, ஜீத்பூர்: 48 பேர். 2006, பட்டடி: 50 பேர். பெண்களை உள்ளே விடாத சட்டம் இந்த எல்லா நாள்களிலும் நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டத்தின்படி பார்த்தால் பெண்கள் பாதுகாப்பாக இருந்தார்கள். குழிவாசலில் நின்று, கூண்டு மேலே வருமா என்று காத்திருந்தவர்களும் அந்தப் 'பாதுகாக்கப்பட்ட' பெண்கள்தான். காற்றோட்டம் அளக்கப்பட்டதா, கல்தூள் தூவப்பட்டதா என்று கேட்கும் உரிமை கீழே வேலை செய்பவர்களுக்கே முழுதாகக் கிடைக்காதபோது, வாசலில் நிற்பவளுக்கு எங்கே கிடைக்கும்?

பிரிட்டன் தன் தடையை 1989-இல் நீக்கியது. இந்தியாவில் 2019-இல் தளர்த்தினார்கள். காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை, எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு, தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாக வேலைகளுக்குப் பெண்கள் நிலத்தடியில் இறங்கலாம் என்று அப்போது அனுமதித்தார்கள். 2021-இல் ஜார்க்கண்டின் ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு பெண் பொறியாளர் பொறுப்பேற்றார். எனக்கு மகிழ்ச்சிதான். காற்றின் வேகத்தையும் மீத்தேனின் அளவையும் பதிவு செய்து, ஆபத்து என்றால் ஆட்களை வெளியேற்றும் அதிகாரம் ஒரு பெண்ணின் கைக்கு வருகிறது. கயிற்றைப் பிடித்திருந்த சிறுமிக்கு அந்தப் பொறுப்பு மட்டும் இருந்தது, அதிகாரம் இல்லை. ஆனால் 2019-இன் கதவு படித்தவளுக்குத் திறந்தது. கூடை சுமந்த காமினின் பேத்திக்கு அது அப்போது திறக்கவில்லை.

அந்தப் பேத்தி எங்கே? ஜரியாவில் நிலத்தடித் தீ 1916 முதல் எரிகிறது. வெட்டிவிட்டு நிரப்பாமல் விட்ட சுரங்கங்களில் காற்று புகுந்து கரி தானாகவே கனல்கிறது. வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது, தரை உள்வாங்குகிறது, பிளவுகளில் புகை வருகிறது. அந்தத் தரையின் மேல் பெண்கள் விடியற்காலையில் கூடையோடு போய்க் கரி பொறுக்கி, அதைச் சுட்டு விற்கிறார்கள். சுரங்கத்துக்குள் போகத் தடைசெய்யப்பட்டவர்களின் காலடிக்கே சுரங்கம் வந்துவிட்டது. இங்கே விளக்கும் இல்லை, அளவுமானியும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. ஏதாவது நடந்தால் அவர்கள் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார்கள்.

ஒரு சட்டமோ அறிக்கையோ பெண்களின் பாதுகாப்பு என்று சொல்லும்போது, என் மாணவிகளை இப்போது மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். ஆபத்தை அகற்றுகிறார்களா, ஆளை அகற்றுகிறார்களா? அகற்றப்பட்டவள் அடுத்த நாள் எதைச் சாப்பிடுகிறாள்? உள்ளே மிச்சம் இருப்பவர்களுக்கு என்ன செய்தார்கள்? வெடிப்பைத் தடுப்பது எப்படி என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். அதற்குப் பணம் செலவாகும். ஒவ்வொரு நாளும் யாராவது கவனமாக இருக்க வேண்டும்.

சாரா கூடர் அப்படிக் கவனமாக இருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் கயிற்றை இழுத்தாள். போனதும் கதவு மூடியதா என்று பார்த்தாள், அல்லது இருட்டில் தொட்டு உணர்ந்தாள். அந்தப் படத்தை இந்த ஆண்டும் வகுப்பில் காட்டினேன். நெய்வேலிப் பெண் எழுந்து கரும்பலகைக்கு அருகே வந்து, விரலைக் கயிற்றின் மேல் வைத்தாள்.